மண்வள அட்டையில் எனக்கும் பக்கத்து வயல்காரருக்கும் ஒரே எண்கள். என் வயல் மேட்டில், அவருடையது பள்ளத்தில். அட்டையை நம்பி உரம் போடலாமா? அதன்படிதான் போட வேண்டும் என்று சட்டம் உண்டா?

அந்த அட்டையை மட்டும் நம்பிப் போடாதீர்கள். அதன்படிதான் போட வேண்டும் என்று சட்டமும் இல்லை. மண்வள அட்டை, மண்ணைச் சோதித்து எந்த உரம் எவ்வளவு என்று சொல்ல 2015இல் தொடங்கிய அரசுத் திட்டம். அது தருவது பரிந்துரை. உரத்துக்கென்று இருக்கும் 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையும் விற்கிற உரத்தின் தரம், விலை, விநியோகம் பற்றியதுதான்.

எண்கள் ஒத்துப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். முதல் சுற்றுகளில் வயலுக்கு வயல் மண் எடுக்கவில்லை. பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி. அதாவது, பாசன நிலத்தில் சுமார் ஆறு ஏக்கருக்குள் இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே மண் மாதிரியின் முடிவுதான். உங்கள் வயல் மேட்டில், அவருடையது பள்ளத்தில் என்கிறீர்கள். மண் எப்படி ஒன்றாக இருக்கும்?

அட்டையில் மாதிரி எடுத்த தேதி, சர்வே எண் இரண்டையும் பாருங்கள். சர்வே எண் உங்களுடையது இல்லையென்றால் மண் மாதிரியை நீங்களே எடுத்துவிடுங்கள்:

1. அறுவடை முடிந்ததும், உரம் போடும் முன், வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் மேல்குப்பையை ஒதுக்கி, 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரல் கனத்துக்குச் சீவி எடுங்கள்.
2. வரப்போரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம் வேண்டாம்.
3. எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் பாகங்களைத் தள்ளி, அரைக் கிலோ மிஞ்சும்வரை குறையுங்கள். நிழலில் உலர்த்தி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: துத்தநாகம் பார்க்க வேண்டுமென்றால் தகர வாளி கூடாது, பிளாஸ்டிக் வாளிதான். தகரத்தின் துத்தநாகப் பூச்சு ஒட்டினால் முடிவே மாறிவிடும்.