நாலு ஜாடி செய்ய எதற்கு ஆறு மாதம்?

கண்காட்சி வைக்கும் மட்பாண்டக் கலைஞர்கள் ஏன் மாதக்கணக்கில் தயாராகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வனைவதில் நேரம் போவதில்லை. பழகிய கைக்குச் சக்கரத்தில் ஒரு ஜாடி எழும்பச் சில நிமிடங்கள் போதும். இழுத்தடிப்பது அதற்குப் பிறகுதான்.

முதலில் காய வேண்டும். விளிம்பு மெலிசு, அடி தடிப்பு. விளிம்பு முந்திக் காய்ந்தால் விரிசல் விழும். அதனால் பிளாஸ்டிக் தாள் போர்த்தி மெதுவாகக் காயவைப்பார்கள். பெரிய சிற்பம் என்றால் வாரக்கணக்கில். ஈரம் மிச்சமிருக்கச் சூளையில் வைத்தால் நீராவி அதை வெடிக்க வைத்துவிடும். அப்புறம் சுமார் 1000 டிகிரி செல்சியஸில் முதல் சூடு, கிளேஸ் எனும் கண்ணாடி போன்ற பூச்சு, ஸ்டோன்வேர் எனும் கெட்டியான மட்பாண்ட வகை என்றால் 1200 டிகிரிக்கு மேல் இரண்டாவது சூடு. ஆறவிடுவதிலும் அவசரம் கூடாது. 573 டிகிரியை ஒட்டி மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று சுருங்கும். அந்த நேரத்தில் சூளைக் கதவைத் திறந்தால் 'டிங்' என்று ஒரு சத்தம், ஜாடி போச்சு!

இந்தப் பொறுமையை நம் பக்கத்தில் பலருக்குக் கற்றுக்கொடுத்தது, 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறை. மீக்கர் இன்னும் ஒரு படி மேலே போய், மண்ணால் வீட்டையே கட்டி, உள்ளே தீ மூட்டிச் சுட்டுப் பார்த்தவர். துணிச்சல்தான்!

சரி, பத்து உருப்படி காட்ட வேண்டுமென்றால் பத்து மட்டும் செய்தால் போதாது. கிளேஸ் வழிந்து சூளைத் தட்டோடு ஒட்டுவது, நிறம் மாறுவது என்று சூளையிலேயே சில கழிந்துவிடும். மிச்சத்தை லாரிக்குப் பொதிவது தனி வேலை.