சொந்த மீட்டர், சொந்த பார்க்கிங்: கார் சார்ஜருக்குச் சங்கம் தடை போடலாமா?

கேள்வி: தமிழ்நாட்டில், 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடியில் எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. தரைத்தளத்தில் ஒரு மூடிய கார் பார்க்கிங் எங்களுக்கு உண்டு என்று கிரையப் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. நான்கு மாதத்துக்கு முன் எலெக்ட்ரிக் கார் வாங்கினோம். எங்கள் மீட்டரிலிருந்து தனி வயர் இழுத்து பார்க்கிங்கில் ஒரு பிளக் பாயிண்ட் வைத்துக்கொள்கிறோம் என்று சங்கத்திடம் கேட்டோம். "பேட்டரி தீப்பிடித்தால் யார் பொறுப்பு? உங்களுக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் கேட்பார்கள்" என்று செயலாளர் வாய்மொழியாகவே மறுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைக் கீழே இறக்கி இரவில் சார்ஜ் போடுகிறோம். போன வாரம் நடுராத்திரியில் யாரோ பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். சட்டப்படி நாங்கள் என்ன செய்யலாம்?

இன்னும் இரண்டு சந்தேகங்கள். இதே குடியிருப்பில் இருக்கும் டெலிவரி வேலை பார்க்கும் தம்பி ஒருவர், தன் ஸ்கூட்டருக்கும் எங்கள் பாயிண்டிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு மாதாமாதம் பணம் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா? போன மாதம் ஊருக்குப் போகும் வழியில் ஒரு சார்ஜிங் நிலையத்தில் ஆப் மூலம் 500 ரூபாய் கட்டினோம். ஆறு நிமிடத்தில் சார்ஜர் நின்றுவிட்டது. மீதிப் பணம் இன்னும் திரும்பவில்லை. அதற்கு என்ன வழி?

பதில்: சட்டத்துக்குப் போகும் முன் ஒரு வேண்டுகோள். அந்த எக்ஸ்டென்ஷன் வயரை இன்றைக்கே கழற்றி உள்ளே வையுங்கள். இதே மாதிரிப் பிரச்சினையோடு என்னிடம் வந்த ஒருவர், பையிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். வெள்ளை பிளாஸ்டிக் பிளக் துளையைச் சுற்றிப் பழுப்பேறி, ஒரு பக்கம் உருகி வழிந்து இறுகியிருந்தது. சங்கத்தின் மீது புகார் கொடுக்க வந்தவர் அவர். சங்கம் அதே பெட்டியைப் படம் எடுத்துக் காட்டினால் நம் வழக்கு என்னவாகும் என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. மிக்சியும் இஸ்திரிப் பெட்டியும் சில நிமிடம் ஓடி நிற்கும். கார் அப்படியல்ல, இரவு முழுக்க விடாமல் 15 ஆம்பியர் அளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். சுருட்டிப் போட்ட வயர் அந்தச் சூட்டைத் தாங்காது.

விதியும் இதைத்தான் சொல்கிறது. மத்திய மின்சார ஆணையம் தன் பாதுகாப்பு விதிமுறைகளில் 2019-இல் மின்வாகன சார்ஜிங்குக்கென்றே தனிப் பகுதி சேர்த்தது. 2023-இல் வந்த புதிய விதிமுறைகளிலும் அந்தப் பகுதி உண்டு. எக்ஸ்டென்ஷன் வயர் கூடாது, கையில் தூக்கிப்போகும் சாக்கெட் கூடாது. சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். ஒவ்வொரு சார்ஜிங் பாயிண்டுக்கும் தனி சர்க்யூட் வேண்டும். 30 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி என்ற பாதுகாப்புக் கருவி கட்டாயம். வண்டியை நிறுத்தும் இடம் சார்ஜிங் பாயிண்டிலிருந்து 5 மீட்டருக்குள் இருக்கவேண்டும். நீங்கள் சங்கத்திடம் கேட்டது விதிப்படியான ஏற்பாடு. இப்போது செய்துகொண்டிருப்பது விதிமீறல். பிளக்கைப் பிடுங்கியவர் செய்தது தவறுதான். ஆனாலும் அதை வைத்துப் போலீசுக்குப் போக இது நேரமில்லை.

இனி உங்கள் உரிமை. வீட்டிலோ அலுவலகத்திலோ ஏற்கனவே இருக்கும் மின் இணைப்பிலிருந்தே சொந்த வாகனத்துக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரி 14 தேதியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாகச் சொன்னது. அதற்குப் பதிலாக 2024 செப்டம்பரில் வந்த புதிய வழிகாட்டுதலும் இதை அனுமதிக்கிறது. வழிகாட்டுதல்தானே, சட்டமா என்று செயலாளர் கேட்கலாம், அதில் நியாயமும் இருக்கிறது. அதனால் இன்னொன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் கீழ் வந்த மின் நுகர்வோர் உரிமைகள் விதிகள், 2020. இவற்றை 2024 பிப்ரவரியில் திருத்தியபோது, மின்வாகன சார்ஜிங்குக்கென்று நுகர்வோர் தனி இணைப்பே கேட்டுப் பெறலாம் என்று சேர்த்தார்கள். முழு விண்ணப்பம் கொடுத்தால் பெருநகரங்களில் 3 நாளிலும் மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாளிலும் கிராமங்களில் 15 நாளிலும் இணைப்பு தரவேண்டும் என்று காலக்கெடுவையும் அப்போதே குறைத்தார்கள். கூடுதல் கம்பி, மின்மாற்றி வேலை தேவைப்பட்டால் நாள் நீளும்.

ஆக, மின்சாரம் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் மின் பகிர்மானக் கழகத்துக்குத்தான் உண்டு, சங்கச் செயலாளருக்கு இல்லை. அப்படியானால் சங்கத்துக்கு எந்தப் பேச்சுமே கிடையாதா? உண்டு. உங்கள் வயர் மீட்டர் அறையிலிருந்து கிளம்பி பொதுச் சுவரிலும் பொது மேல்தளத்திலும் ஓடித்தான் உங்கள் இடத்தை அடையும். அந்தச் சுவரும் தளமும் 24 வீட்டாருக்கும் பிரிக்கப்படாத பங்காகச் சொந்தமானவை. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்து 2024-இல் அமலான தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 பொது இடங்களின் நிர்வாகத்தைச் சங்கத்திடம்தான் கொடுத்திருக்கிறது. எந்த வழியாக வயர் போகவேண்டும், என்ன பைப்பில் போகவேண்டும், யார் வேலை செய்யவேண்டும், சேதமானால் யார் சரிசெய்யவேண்டும் என்றெல்லாம் சங்கம் நிபந்தனை போடலாம். காரணமே இல்லாமல் "முடியாது" என்று கதவைச் சாத்துவது வேறு விஷயம். அது நீதிமன்றத்தில் நிற்பது கடினம் என்பது என் கருத்து.

பார்க்கிங் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பத்திரத்தில் மூடிய பார்க்கிங் என்று இருப்பது பெரிய பலம். எல்லாருக்கும் இந்தப் பலம் கிடையாது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016 திறந்தவெளிப் பார்க்கிங்கைப் பொது இடம் என்றே வரையறுக்கிறது. மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் எழுந்த ஒரு வழக்கில், தூண்தளப் பார்க்கிங்கும் (கட்டடத்தின் கீழே தூண்களுக்கு நடுவில் வண்டி நிறுத்தும் இடம்) பொது வசதிதான், அதைத் தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்திருக்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை எடுத்துவருவார். பத்திரத்தின் சொத்து விவரப் பகுதியையும் அனுமதி பெற்ற வரைபடத்தையும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

அடுத்து, எழுத்தில் ஒரு மனு. இதுவரை நீங்கள் கேட்டதும் அவர் மறுத்ததும் காற்றோடு போன பேச்சு. சங்கத் தலைவர், செயலாளர் இருவர் பெயரிலும் எழுதி, ஒப்புகை அட்டையுடன் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். மின்சாரம் முழுக்க உங்கள் மீட்டரில்தான் பதிவாகும், பொது மீட்டரிலிருந்து ஒரு யூனிட்கூட எடுக்கப்போவதில்லை என்பது முதல் வரியிலேயே வரட்டும். பாதிச் சண்டைக்குக் காரணம் அந்தச் சந்தேகம்தான். உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் போட்ட வரைபடம், வயர் போகும் பாதை, ஆர்சிடி விவரம், காரின் சார்ஜர் எத்தனை கிலோவாட், வயரிங்கால் பொதுச் சொத்துக்குச் சேதம் வந்தால் நானே சரிசெய்வேன் என்ற உறுதிமொழி எல்லாம் இணைப்பில் இருக்கட்டும். 15 நாளில் எழுத்துமூலம் பதில் கேளுங்கள்.

அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்று ஈபி பில்லில் பாருங்கள். 15 ஆம்ப் பாயிண்டில் போடும் சார்ஜர் 3.3 கிலோவாட் அளவு இழுக்கும். சுவரில் மாட்டும் பெரிய சார்ஜர் என்றால் 7 கிலோவாட்டுக்கு மேல் போகும், அதற்குக் கூடுதல் மின்பளு கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். வீட்டு மீட்டரிலேயே ஓட்டினால் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டும்போது கட்டண அடுக்கு மாறிவிடும் என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். தனி இணைப்பா, இருக்கும் இணைப்பா என்பதை அந்தக் கணக்குதான் தீர்மானிக்கவேண்டும்.

செயலாளர் சொன்ன இரண்டு காரணங்களில் முதலாவதற்கு மேலே சொன்ன பாதுகாப்பு ஏற்பாடே பதில். கார் பேட்டரிகளுக்கான ஏஐஎஸ்-038 பாதுகாப்புத் தரமும் இப்போது இருக்கிறது. இரண்டாவதை, "எல்லாரும் கேட்பார்கள்" என்பதை, நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 24 வீட்டிலும் 7 கிலோவாட் சார்ஜர் வந்து, எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் 168 கிலோவாட். பழைய கட்டடத்தின் பிரதான கேபிள் அதைத் தாங்காமல் போகலாம். கவலை நியாயமானதுதான். ஆனால் மின் பொறியாளரை வரவழைத்து மொத்தக் கொள்ளளவைக் கணக்கிடுவதும், தேவையென்றால் எல்லாருக்குமாகப் பொதுச் சார்ஜர் வைத்துத் துணை மீட்டரில் வசூலிப்பதும்தான் அதற்குத் தீர்வு. இதைப் பொதுக்குழுவில் வைக்கச் சொல்லி நீங்களே அந்த மனுவில் கேளுங்கள். தன் காருக்கு மட்டும் கேட்பவரை எதிர்ப்பது சுலபம். எல்லாருக்கும் சேர்த்துக் கேட்பவரை அப்படி எதிர்க்க முடியாது.

பதில் வராவிட்டால், அல்லது காரணமில்லாத மறுப்பு வந்தால், வழக்கறிஞர் நோட்டீஸ். உங்கள் சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவானது என்றால் மாவட்டப் பதிவாளரிடமும் போகலாம். 36-ஆம் பிரிவின்படி விசாரணை கோர உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்து வேண்டும். வீட்டுக்கு ஓர் உறுப்பினர் என்றால் எட்டுப் பேர். கடைசி வழி உரிமையியல் நீதிமன்றம். வயர் போடுவதைத் தடுக்கக் கூடாது என்று தடையாணை கேட்டு வழக்குப் போடலாம், இடைக்கால உத்தரவும் கேட்கலாம். நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் (பெரும்பாலும் அரசு அமைப்புகளுக்கு எதிராகப் போடும் மனு) போடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தனியார் சங்கத்தின் மீது ரிட் சாதாரணமாக நிற்காது. மின் பகிர்மானக் கழகமே விண்ணப்பத்தைக் கிடப்பில் போட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளர் என்ற வழி தனியாக இருக்கிறது. வழக்கைக் கடைசி வழி என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. தீர்ப்பு வந்த பிறகும் அதே படிக்கட்டில் அதே மனிதர்களைத்தான் தினமும் பார்க்கப்போகிறீர்கள்.

டெலிவரி தம்பியிடம் பணம் வாங்காதீர்கள். சார்ஜ் போட்டுக்கொடுக்கும் தொழிலுக்கு உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு 2018-இலேயே விளக்கிவிட்டது, உண்மைதான். ஆனால் உங்கள் இணைப்பு வீட்டு உபயோகத்துக்கானது. அதில் பணத்துக்குச் சார்ஜ் போட்டால், அனுமதித்த நோக்கத்துக்குப் புறம்பான பயன்பாடு என்று மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் இரட்டிப்புக் கட்டணம் போட இடமிருக்கிறது. அவருக்கு உண்மையிலேயே உதவ நினைத்தால் அந்த மனுவில் அவரையும் கையெழுத்திடச் சொல்லுங்கள், அவர் மீட்டரிலிருந்து அவருக்கு ஒரு பாயிண்ட் வரட்டும்.

சார்ஜிங் நிலையத்துப் பணம் எங்கே சிக்கியது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். யூபிஐ-யில் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய், நிறுவனத்துக்கு உறுதிச் செய்தி சேராமல் இருந்தால், 5 நாளுக்குள் அது தானாகத் திரும்பவேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை. உங்கள் விஷயத்தில் பணம் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்து, சார்ஜிங்தான் பாதியில் நின்றிருக்கிறது. அதற்கு அந்தச் சுற்றறிக்கை உதவாது. அது சேவைக் குறைபாடு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இல் வரும். ஆப்பில் அந்த சார்ஜிங்கின் எண், நேரம், ஏறிய யூனிட், பிடித்த தொகை எல்லாம் தெரியும் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நடக்காவிட்டால், நிலையம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்கவேண்டும். தொகை சின்னது என்று விட்டுவிடாதீர்கள். நெடுஞ்சாலையில் பேட்டரி குறைந்த நேரத்தில் கைவிட்ட சார்ஜரைப் பற்றிய புகார் பதிவாக வேண்டியது அவசியம்.

சங்கத்தின் பதில் எழுத்தில் வந்ததும் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். அவர்கள் என்ன வார்த்தையில் மறுக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் நோட்டீஸை எழுதவேண்டும்.