பெங்களூரில் மூன்று நாள்: மெட்ரோ பாஸ் எடுத்தால் லாபமா?

கேள்வி: நாங்கள் கிருஷ்ணகிரி. நான், மனைவி, அம்மா, 11 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள். விடுமுறையில் மூன்று நாள் பெங்களூரு போகிறோம். ராஜாஜிநகரில் மச்சினர் வீட்டில் தங்கல். இஸ்கான், லால்பாக், விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம், பன்னேர்கட்டா உயிரியல் பூங்கா பார்க்க வேண்டும். மெட்ரோவில் மூன்று நாள் பாஸ் எடுக்கலாமா, பஸ் பாஸ் போதுமா? பெண்களுக்கு அங்கேயும் பஸ் இலவசம் என்கிறார்களே?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊர்க்காரர்கள் அபராதம் கட்டுவது அதில்தான். கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 முதல் நடப்பில் இருக்கும் சக்தி திட்டம் அந்த மாநிலத்தில் வசிக்கும் பெண்களுக்கு மட்டும். நம் ஊர் டவுன் பஸ் மாதிரி ஏறி உட்கார்ந்தால் போதும் என்பது கிடையாது. கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டையைக் காட்டினால்தான் கட்டணமில்லா டிக்கெட் தருவார்கள். கூட்ட நெரிசலில் கண்டக்டர் ஆதாரைப் பார்க்காமலே அந்த டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடலாம். அப்போது அம்மாவும் மனைவியும் 'தமிழ்நாடு' என்று சொல்லிக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொள்வதுதான் பாதுகாப்பு. செக்கிங் வந்தால் கிருஷ்ணகிரி ஆதாரை வைத்துக்கொண்டு ஒன்றும் பேச முடியாது.

சரி, பாஸுக்கு வருவோம். உங்கள் பயணத்துக்கு மெட்ரோ பாஸ் வேண்டாம்.

'நம்ம மெட்ரோ' என்ற பெயரில் ஓடும் பெங்களூரு மெட்ரோவில் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரும் பாஸ் ஒரு நாளுக்கு 250 ரூபாய், மூன்று நாளுக்கு 550 ரூபாய். கவுன்டரில் அட்டையாக வாங்கினால் இதற்கு மேல் 50 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும். 2025 பிப்ரவரியில் கட்டணத்தை உயர்த்திய பிறகும், ஒரு முறை போக அதிகபட்சக் கட்டணம் 90 ரூபாய்தான். அதாவது ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஒரே நாளில் மூன்று தடவை போனால்தான் ஒரு நாள் பாஸ் காசு திரும்பும். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் அப்படி அலைவதில்லை. லால்பாக்கில் இறங்கினால் மூன்று மணி நேரம் அங்கேயே போய்விடும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். வரும் நாளில் ஓசூர் ரோட்டில் மெட்ரோ தொடங்கும் பொம்மசந்திராவிலிருந்து ராஜாஜிநகர், தலைக்கு 90. இஸ்கான் அங்கிருந்து பக்கம்தான், அடுத்த நிறுத்தமான மகாலட்சுமியில் இறங்கிப் போகலாம். லால்பாக்கும் அருங்காட்சியகமும் ஒரே நாளில் என்றால், ராஜாஜிநகரிலிருந்து லால்பாக், அங்கிருந்து மெஜஸ்டிக்கில் வண்டி மாறி கப்பன் பார்க், பிறகு வீடு: சுமார் 130. பன்னேர்கட்டா நாளில் மெட்ரோவுக்கு 140 வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது மறுபடி 90. எல்லாம் சேர்த்து 450ஐ ஒட்டித்தான் வருகிறது. 550 கொடுத்தால் ஐந்து பேருக்கு 500 ரூபாய் தண்டம். ஒரு நாள் அம்மாவுக்கு முடியவில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டால் இன்னும் நஷ்டம். பாஸ் நாள் நமக்காகக் காத்திருக்காது.

இன்னொன்று, மெட்ரோவில் அரை டிக்கெட் கிடையாது. 7 வயதுப் பிள்ளைக்கும் முழுக் கட்டணம்தான். ஒரு பாஸில் ஒருவர்தான் போகலாம் என்பதால் ஐந்து பாஸ் வாங்க வேண்டியிருக்கும். அதற்குப் பதில் வாட்ஸப்பில் எடுக்கும் கியூஆர் டிக்கெட் உங்களுக்குச் சரியாக இருக்கும். ஒரே கியூஆரில் ஆறு பேர் வரை போகலாம். நீங்கள் கேட்டருகே நின்று போனை ஒவ்வொருவருக்காகவும் காட்டி, பிள்ளைகளையும் அம்மாவையும் முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியாக நீங்கள் நுழையுங்கள். வெளியே வரும்போதும் அதே போன் வேண்டும், சார்ஜ் இருக்கட்டும். ஸ்மார்ட் கார்டுக்குத் தள்ளுபடி உண்டுதான், ஆனால் ஆளுக்கொரு கார்டு வாங்கினால் மூன்று நாளில் அந்தக் கார்டு விலைகூடத் தேறாது.

மெட்ரோ பாஸ் யாருக்கு ஆகும் என்றால், தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து இன்டர்வியூவுக்கு வரும் பையன்களுக்கு. பொம்மசந்திராவில் ஏறி காலையில் ஒயிட்ஃபீல்டு, மதியம் எலக்ட்ரானிக் சிட்டி, சாயங்காலம் மறுபடி ஒயிட்ஃபீல்டு என்று ஓடுகிறவர்கள் ஒரு நாள் பாஸைத் தாராளமாக எடுக்கலாம்.

பஸ் பாஸ் கதை வேறு. பிஎம்டிசி (பெங்களூரு மாநகரப் போக்குவரத்துக் கழகம்) சாதாரண பஸ்ஸுக்கான ஒரு நாள் பாஸ் 80 ரூபாய், கண்டக்டரிடமே வாங்கலாம். நீல நிற ஏசி வஜ்ரா பஸ்ஸிலும், விமான நிலையம் போகும் வாயு வஜ்ராவிலும் இந்தப் பாஸ் செல்லாது. 2025 ஜனவரியில் டிக்கெட் விலை 15 சதவீதம் ஏறியதால், நாலு பஸ் ஏறி இறங்கினாலே பாஸ் காசு வந்துவிடும். மெட்ரோ இல்லாத இடங்களுக்குப் போகும் நாளில் பெரியவர்களுக்கு மட்டும் எடுக்கலாம். பஸ்ஸில் அரை டிக்கெட் இருப்பதால் பிள்ளைகளுக்குப் பாஸ் அவசியமில்லை.

பன்னேர்கட்டாதான் அப்படி மெட்ரோ போகாத இடம். மெஜஸ்டிக்கிலிருந்து 365 எண் பஸ் நேராகப் போகிறது. பாஸ் எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வந்தால் கொஞ்சம் மிச்சம்தான், ஆனால் வயதானவரைக் கூட்டிக்கொண்டு அந்த நெரிசலில் ஊர்ந்து போவதை நான் சொல்ல மாட்டேன். ராஜாஜிநகரில் பச்சைத் தட மெட்ரோ ஏறி ஆர்.வி. ரோட்டில் மஞ்சள் தடத்துக்கு மாறி, ஜெயதேவா மருத்துவமனை நிறுத்தத்தில் இறங்குங்கள். 365 அந்த வழியாகத்தான் வரும். பாதி நெரிசலைத் தாண்டிவிடலாம். பஸ்ஸுக்கு அன்று தனி டிக்கெட் போதும், பாஸ் வேண்டாம். செவ்வாய்க்கிழமை உயிரியல் பூங்கா விடுமுறை, அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

கிருஷ்ணகிரிக்கு ரயில் நிலையம் இல்லாததால் நமக்கு ஓசூர் ரோடுதான் கதி. 2025 ஆகஸ்ட் 10 அன்று திறந்த மஞ்சள் தடம் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை, சுமார் 19 கிலோமீட்டர், பெரும்பாலும் அந்த ரோட்டின் மேலேயே ஓடுகிறது. அத்திப்பள்ளி தாண்டியதும் 'பொம்மசந்திரா மெட்ரோ' என்று கண்டக்டரிடம் சொல்லிவையுங்கள். அலுவலக நேரத்தில் வருகிறீர்கள் என்றால் கட்டாயம் அங்கேயே இறங்கிவிடுங்கள், சில்க் போர்டு சிக்னலில் மாட்ட வேண்டாம். மதிய நேரமாக இருந்தால் பஸ்ஸிலேயே சில்க் போர்டு வரை வந்து மெட்ரோ ஏறலாம், கட்டணமும் குறையும். ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ காலை ஏழு மணிக்குத்தான் தொடங்கும், அதற்கு முன் வந்து இறங்கினால் ஸ்டேஷன் வாசலில் பைகளோடு நிற்க வேண்டியதுதான்.