தாடை மூட்டு வலியையும் முக உளைவையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

காதடியில் வலி, கன்னம் முழுக்க உளைவு, பல்லில் ஒரு குறையும் இல்லை என்கிறீர்கள். என் கதையேதான். மூன்று வருடமாக இதோடு குடித்தனம் நடத்துகிறேன். திருகோணமலையில் வீட்டோடு தையல் வேலை செய்கிறவள் நான். தொழிலைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

முதலில் காதுக்குத்து என்றுதான் நினைத்தேன். வலது காதுக்கு முன்னால் தொடங்கி நெற்றிப்பொட்டு வரை உளையும், காலையில் எழும்பும்போது படு மோசம். அம்மா உள்ளி போட்டு எண்ணெய் காய்ச்சினார். காதைப் பார்த்த டாக்டர் அங்கே ஒன்றுமில்லை என்றார். அடுத்தது பல்லின் முறை. ஒரு தனியார் கிளினிக்கில், பெயர் வேண்டாம், கொடுப்புப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். புண் ஆறியது, வலி போகவில்லை. அந்தப் பல்லை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான்.

கடைசியில் ஆஸ்பத்திரிப் பல் பிரிவில் ஒரு பெண் டாக்டர் என் இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து, "வாயைத் திறங்கோ" என்றார். டக். தாடை மூட்டு கதவுக் கீல் மாதிரித் திரும்புவதோடு, வாயை அகலத் திறக்கும்போது முன்னால் வழுக்கியும் போகுமாம். நடுவில் மெத்தை போல ஒரு சின்னத் தட்டு இருக்கிறது. அது இடம் விலகித் திரும்பி வரும்போதுதான் அந்தச் சத்தம். வலியில்லாத சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம் என்றார். அப்புறம் கேட்டார்: "இப்ப உங்கட மேல் பல்லும் கீழ்ப் பல்லும் முட்டிக்கொண்டா இருக்கு?" முட்டிக்கொண்டுதான் இருந்தன. முட்டக் கூடாதாம்! சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம், பற்களுக்கு நடுவே சின்ன இடைவெளி வேண்டும். 41 வயது வரை இது எனக்குத் தெரியாது.

அன்றைக்கு மெஷினில் உட்கார்ந்தபோதுதான் கையும் களவுமாக அகப்பட்டேன். ஊசியில் நூல் கோக்கும்போது பல்லைக் கடிக்கிறேன். கழுத்து வளைவு தைக்கும்போது கடிக்கிறேன். பள்ளிக்கூடச் சீருடை குவியும் ஜனவரியில் மணிக்கணக்காகக் கடித்தபடி இருந்திருப்பேன். போதாததற்கு நூலைப் பல்லால் அறுப்பது வேறு. கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கும்.

மாத்திரையை விட எனக்கு உதவியது இதுதான்: துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் பல்லைக் கவனிப்பது. நுனிநாக்கை மேல் முன்பல்லுக்குப் பின்னால் வைத்து மெல்ல 'ன்' என்றால் தாடை தானாகத் தளரும். நூல் வெட்டும் குட்டிக் கத்தரியை நாடாவில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். மகள் அதை அம்மாவின் பதக்கம் என்கிறாள்.

சாப்பாட்டில், வலி கூடிய நாட்களில் இடியப்பமும் சொதியும், குழைந்த சோறும் மீனும். கணவாய், கொத்து ரொட்டி, கச்சான் எல்லாம் அந்த நாட்களில் கிடையாது. புழுக்கொடியலை அடியோடு விட்டாயிற்று, அதுதான் கொஞ்சம் கவலை. கொட்டாவி வந்தால் தாடைக்குக் கீழே கையை முட்டுக் கொடுப்பேன்.

துவாயைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து, 15 நிமிடம், காலையும் இரவும். பக்கத்து வீட்டு அக்கா, "கன்னியாவில போய்க் குளி, எல்லாம் பறந்திடும்" என்றார். போனேன். அங்குள்ள ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் வாளியால் அள்ளி ஊற்றியதில் தோள் லேசானது உண்மை. தாடைக்குத் துவாயே போதும், பஸ் காசு மிச்சம்.

இரவில் பல் கடிப்பதற்கு பல்லை அச்செடுத்து, பல்லில் மாட்டும் ஒரு காப்புத் தட்டு செய்து தந்தார்கள். முதல் வாரம் தலையணை நனைந்தது, ஆனால் காலை வலி பாதியாகக் குறைந்தது. பல்லை ராவி மட்டமாக்க வேண்டும், பிடுங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். போன பல் திரும்பி வராது.

எல்லா வலியும் இந்த மூட்டு வலி அல்ல. கரண்ட் அடித்த மாதிரி சில விநாடி வெட்டும் வலி நரம்பு வலியாக இருக்கலாம். 50 வயது தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி, மெல்லும்போது தாடை நோவு, பார்வை மங்கல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் கண் போகலாம். நெஞ்சு இறுக்கம், வியர்வையோடு தாடை வலித்தால் துவாயைத் தேடாமல், இலங்கையில் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

முன்பு ஒன்றரை விரல்தான் என் வாய்க்குள் போகும், இப்போது மூன்று விரலை நிறுத்தி வைக்கலாம். டக் சத்தம் மட்டும் போகவில்லை. இரவுச் சாப்பாட்டில் எதிர்க் கதிரையில் இருக்கும் இவருக்கும் கேட்கும்.