ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் எந்த லைப்ரரியை வைத்திருக்கிறது?

"லினக்ஸ் சர்வரில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க லைப்ரரிக்குப் பாதுகாப்பு அப்டேட் போட்டுவிட்டேன். எல்டிடி கமாண்ட் கொடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் எதைப் பயன்படுத்துகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

சரியான சந்தேகம். ப்ராசஸ் என்பது மெமரியில் இயங்கிக்கொண்டிருக்கும் புரோகிராம்; எல்டிடி அதைப் பார்ப்பதே இல்லை. டிஸ்க்கில் இருக்கும் புரோகிராமை இப்போது புதிதாகத் தொடங்கினால் எந்தெந்த லைப்ரரி (பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் கோடு ஃபைல்) வந்து சேரும் என்றுதான் சொல்லும். ஓடும்போது நடுவில் டிஎல்ஓபன் என்ற ஃபங்ஷன் வழியாக ஏற்றப்படும் ப்ளகின்களும் அதில் வராது. இன்னொன்று, எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஃபைல் மேல் எல்டிடியை ஓட்டவே கூடாது. சில சமயம் அது அந்த புரோகிராமையே இயக்கிவிடும்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். ப்ராசஸ் எண் 2417 என்றால், /ப்ராக்/2417/மேப்ஸ் என்ற ஃபைலைத் திறந்து பாருங்கள். அந்த ப்ராசஸின் மெமரியில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று வரி வரியாக வரும். வலது ஓரத்தில் இருப்பது ஃபைலின் பாதை. ஒரே லைப்ரரி நாலைந்து வரிகளில் வந்தால் குழம்ப வேண்டாம். புரோகிராம் கோடு, மாறாத டேட்டா, மாறும் டேட்டா ஆகியவை தனித்தனி அனுமதிகளோடு ஏற்றப்படுவதால் அப்படி. வேறு யூசரின் ப்ராசஸ் என்றால் ரூட் (நிர்வாகி) அனுமதி வேண்டும்.

உங்கள் கேள்விக்கான விடை பாதைக்குப் பக்கத்தில் இருக்கும். 'டெலீட்டட்' என்று அங்கே இருந்தால், ப்ராசஸ் பழைய லைப்ரரியில்தான் ஓடுகிறது. பேக்கேஜ் மேனேஜர் புதிய ஃபைலைத் தனியாக எழுதி, பிறகு பழையதன் பெயரை அதற்குக் கொடுத்துவிடுகிறது. பெயர் போனாலும், அதைப் பயன்படுத்தும் கடைசி ப்ராசஸ் முடியும்வரை பழைய ஃபைலின் உள்ளடக்கத்தை கெர்னல் அழிப்பதில்லை. பாதிப்புள்ள கோடு அதுவரை வேலை செய்துகொண்டேதான் இருக்கும். இதைக் கவனிக்காமல் விட்டால், அப்டேட் போட்டதற்கே பயனில்லை.

சர்வர் முழுவதையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டுமா? திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கமாண்டை ரூட்டாக ஓட்டி, எஃப்டி பத்தியில் 'டெல்' என்று வரும் வரிகளைத் தேடுங்கள். ஷேர்டு மெமரி போன்ற வேறு சிலவும் அதில் கலந்து வரும், பெயரில் .எஸ்ஓ (லைப்ரரி ஃபைலின் அடையாளம்) உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டெபியன், உபுண்டு என்றால் நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி இந்த வேலையைத் தானே செய்து, எந்தச் சேவைகளை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிடும்.

அப்புறம், ரீலோட் (அமைப்புகளை மட்டும் மறுபடி படிக்க வைப்பது) போதும் என்று நினைத்துவிடாதீர்கள். என்ஜின்எக்ஸ் வெப் சர்வரை ரீலோட் செய்தால் வொர்க்கர் ப்ராசஸ்கள்தான் புதிதாகப் பிறக்கும். மாஸ்டர் ப்ராசஸ் அதேதான். அதிலிருந்து கிளைப்பதால் வொர்க்கர்களுக்கும் பழைய லைப்ரரியே போய்ச்சேரும். முழு ரீஸ்டார்ட் செய்துவிட்டு, புதிய ப்ராசஸ் எண்ணோடு மேப்ஸை மறுபடி பாருங்கள்.

மேப்ஸில் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியே காணோம் என்றால், அந்த புரோகிராமுக்குள்ளேயே அது ஸ்டேடிக்காக இணைக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் சிஸ்டம் அப்டேட்டோ ரீஸ்டார்ட்டோ உதவாது, புதிய ஓபன்எஸ்எஸ்எல்லோடு புரோகிராமையே மறுபடி பில்டு செய்ய வேண்டும்.