ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது, அலுவலக மொழி ஆங்கிலம்தான். முதல் சில மாதங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

தபால்பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். பெர்லினுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இங்கே அடுக்குமாடிக் கட்டடங்களில் பெரும்பாலும் வீட்டுக் கதவில் எண் இருக்காது. பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதம் போடுவார். பெயர் இல்லாவிட்டால் அது திரும்பிப் போய்விடும். குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். 'அன்மெல்டுங்' என்பார்கள். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று இல்லாமல் அது நடக்காது. அதன் பிறகு 11 இலக்க வரி எண் தபாலில் வரும். எனக்கு வரவில்லை. நான் உள்வாடகைக்கு இருந்த வீட்டுப் பெட்டியில் வீட்டுக்காரர் பெயர் மட்டுமே இருந்தது. வரி எண் இல்லாததால் முதல் சம்பளத்தில் ஆறாம் வரி வகுப்பின்படி, இருப்பதிலேயே அதிகமாகப் பிடித்தார்கள். பிறகு திரும்பக் கிடைத்தது. ஆனால் முன்பணம் கொடுத்துவிட்டுக் கையில் ஒன்றுமில்லாமல் இருந்த மாதம் அது. முன்பணமாக மூன்று மாத வாடகை வரை கேட்கலாம். அந்தப் பணத்தைத் தனியாக எடுத்துவைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

அலுவலகத்தில் ஆங்கிலம் போதும் என்று ஜெர்மன் படிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். புளூ கார்டில், அதாவது உயர்தகுதி வேலைக்கான வதிவிட அனுமதியில் வருபவர்களுக்கு, பி1 என்னும் இடைநிலை மொழித்தேர்ச்சி இருந்தால் 21 மாதத்தில் நிரந்தரமாகத் தங்கும் உரிமம் கிடைக்க வழி உண்டு. தொடக்க நிலையான ஏ1 மட்டும் என்றால் 27 மாதம். நான் வகுப்பில் சேர்ந்தது அதற்காக அல்ல. டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அந்த நீண்ட மாலைகளில் மனிதக் குரல் கேட்க எனக்கு இருந்த ஒரே இடம் அந்த வகுப்பறை.

பெட்டியில் எந்தப் பெயரை ஒட்டுவது என்று கேட்பீர்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருக்கும். அதையே ஒட்டுங்கள், அரசுக் கடிதங்கள் அந்தப் பெயருக்குத்தான் வரும். மருத்துவமனையிலும் வங்கியிலும் உங்களை அப்படித்தான் அழைப்பார்கள். மருத்துவருக்காகக் காத்திருந்தபோது முதன்முதலில் "ஹெர்" (திரு) சேர்த்து அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அவர் இறந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை.

நாம் வீட்டில் இல்லாதபோது வரும் பார்சலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, பெட்டியில் சீட்டுப் போட்டுச் செல்வது இங்கே வழக்கம். அப்படித்தான் கீழ்த்தள மூதாட்டியின் வீட்டு மணியை அடித்தேன். பார்சலில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தவர், சரியாக எப்படிச் சொல்வது என்று கேட்டார். மெதுவாகச் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார், நான் திருத்தினேன், மறுபடியும் சொன்னார். அப்பாவின் பெயரை அதுவரை நான் அத்தனை முறை வாய்விட்டுச் சொன்னதே இல்லை.