அலைப் போர்வை: கேள்விகளும் பதில்களும்

குரோஷாவில் (ஒரே ஒரு கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் கைவேலை) அலை அலையாக வரும் போர்வையைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். நான் எதிர்பார்த்ததைவிட நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம்: நான் டபுள் குரோஷே என்று எழுதினால், ஊசியில் நூலை ஒரு சுற்று சுற்றிக் குத்தி, நூலை வெளியே எடுத்து, பிறகு இரண்டிரண்டு கண்ணியாக இரண்டு தடவை இழுத்து முடிக்கும் ஸ்டிச் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று கீழே நீங்களே பார்ப்பீர்கள்.

சேலத்திலிருந்து: அக்கா, நான் புதுசு. அலை எப்படி வருகிறது? அதற்கென்று தனி ஸ்டிச் இருக்கிறதா?

தனி ஸ்டிச் எதுவும் கிடையாது, சின்னக் கணக்குதான். இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழியில் வரிசை முழுக்க ஒரே ஸ்டிச்தான். ஆனால் ஓரிடத்தில் ஸ்டிச்சைக் கூட்டுவோம், அங்கே துணி மேடாக எழும்பும். இன்னோரிடத்தில் இரண்டைச் சேர்த்து ஒன்றாக முடிப்போம், அங்கே பள்ளம் விழும். எத்தனை கூட்டினோமோ அத்தனை குறைத்தாக வேண்டும், அவ்வளவுதான். நான் வழக்கமாகப் போடுவது 12 ஸ்டிச் கணக்கு: 3 சாதாரண டபுள், அடுத்த 4 ஸ்டிச்சை இரண்டிரண்டாகச் சேர்த்து 2 ஆக்குவது, மறுபடி 3 சாதாரணம், அப்புறம் அடுத்தடுத்த 2 ஸ்டிச்சில் தலா 2. கீழ் வரிசையில் 12 ஸ்டிச் செலவாகிறது, மேலே 12 ஸ்டிச் கிடைக்கிறது. ஓரத்தில் மட்டும் பாதி மேடுதான் வரும், அதனால் முதல் ஸ்டிச்சிலும் கடைசி ஸ்டிச்சிலும் 2 போட வேண்டும். ஆரம்பச் செயின் (முதல் வரிசைக்கு அடியாகப் போடும் சங்கிலிக் கண்ணிகள்) 12-ன் மடங்கும் கூட 3-ம். ஊசியிலிருந்து நான்காவது செயினில் முதல் டபுள். விட்ட 3 செயின் ஒரு ஸ்டிச்சாகக் கணக்கு, ஆக ஓரத்தில் 2 வந்துவிட்டது.

எங்கே கூட்டுவது என்று ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மேட்டின் உச்சியைப் பாருங்கள், போன வரிசையில் கூட்டிய நான்கு ஸ்டிச் விசிறி மாதிரி விரிந்து நிற்கும். அந்த நான்கில் நடு இரண்டில்தான் இப்போது கூட்ட வேண்டும். பள்ளத்தில் தலை சேர்ந்த இரண்டு ஸ்டிச் இருக்கும். அவற்றில் ஒவ்வொன்றையும் அதன் பக்கத்து ஸ்டிச்சோடு சேருங்கள். நாலு வரிசை போனால் கண்ணே பழகிவிடும்.

இரண்டாவது வழியில் கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை, உயரத்தை மட்டும் மாற்றுவது. ஸ்டிச்களில் சிங்கிள்தான் குட்டை, ஹாஃப் டபுள் அதைவிடச் சற்று உயரம், அப்புறம் டபுள், ட்ரெபிள்தான் நெட்டை. 14 ஸ்டிச் கணக்கு: 1 சிங்கிள், 2 ஹாஃப் டபுள், 2 டபுள், 3 ட்ரெபிள், 2 டபுள், 2 ஹாஃப் டபுள், 2 சிங்கிள். அதன் மேல் ஒரு வரிசை முழுக்க சிங்கிள். அடுத்த நிறத்தில் அப்படியே தலைகீழாக, குட்டையாக இருந்த இடத்தில் நெட்டை, நெட்டையாக இருந்த இடத்தில் குட்டை. பள்ளம் நிரம்பிவிடும். இதில் போர்வையின் இரண்டு பக்க ஓரமும் நேராக நிற்கும். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும், மடியில் போட்டால் குழைந்து விழும்.

திருச்சியிலிருந்து: 20 வரிசை போட்டுவிட்டேன். போர்வை மேலே போகப் போக குறுகிக்கொண்டே வந்து முக்கோணமாகிறது. ஏன்?

ஓரத்தில் ஸ்டிச் விட்டுப்போகிறது. வரிசை ஆரம்பத்தில் 3 செயின் ஏறுகிறோம் இல்லையா, அதை ஒரு ஸ்டிச் என்று கணக்கு வைத்தால், திரும்பி வரும்போது அதன் தலையிலும் குத்த வேண்டும். பார்ப்பதற்கு அது ஸ்டிச் மாதிரியே இருக்காது, ஓரமாகச் சாய்ந்து, சுருங்கின நூல் முடிச்சு போலக் கிடக்கும், அதனால் கண் தாண்டிப் போய்விடுகிறது. அந்தத் தலையில்தான் கடைசி 2 வர வேண்டும்.

சரிபார்க்க எளிய வழி: கடைசிப் பள்ளத்துக்கு அப்புறம் 3 சாதாரணம், பிறகு ஒரே இடத்தில் 2. அந்த 2-ஐப் போடும் முன் 2 சாதாரணம்தான் வந்தது என்றால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அதைவிட முக்கியம், முதல் ஐந்து வரிசைக்கு ஒவ்வொரு வரிசை முடிவிலும் மொத்தமாக எண்ணுங்கள். எண்ணாமல் போடாதீர்கள். இதை இன்றைக்குப் பல தடவை சொல்லப் போகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து: பள்ளத்தில் ஓட்டை ஓட்டையாக வருகிறது.

இரண்டு ஸ்டிச்சைத் தாண்டி அடுத்ததில் குத்துகிறீர்கள். சில பேட்டர்ன் (எழுதி வைத்த செய்முறை) அப்படித்தான் சொல்லும், அது தவறில்லை, ஓட்டை அந்த டிசைனில் ஒரு பகுதி. வேண்டாம் என்றால் தாண்டாமல் சேர்த்து முடியுங்கள்.

கோவையிலிருந்து: எவ்வளவு உல்லன் வாங்க வேண்டும்? கடைக்காரர் ஒன்று சொல்கிறார், வீடியோவில் வேறு சொல்கிறார்கள்.

இரண்டையும் நம்ப வேண்டாம், உங்கள் சமையலறைத் தராசை நம்புங்கள். இரண்டு வரிசை போடும் முன் நூல் பந்தை எடை போடுங்கள், போட்ட பிறகும் போடுங்கள். என் கைக்கு டிகே எனப்படும் அதிகம் தடிமனில்லாத அக்ரிலிக் நூல், 4 மி.மீ. ஊசி என்றால் ஒரு அலை சுமார் 6.5 செ.மீ. வரும். 12 அலை போட்டால் 144 ஸ்டிச், 78 செ.மீ. அகலம். இரண்டு வரிசைக்கு ஏறத்தாழ 10 கிராம். 90 செ.மீ. நீளத்துக்கு 76 வரிசை, ஆக 380 கிராம். நான் 450 வாங்குவேன். உங்கள் கை இறுக்கமா தளர்வா என்பதைப் பொறுத்து இது மாறும், அதனால்தான் தராசு.

முழுவதையும் ஒரே தடவையில் வாங்குங்கள். லேபிளில் லாட் எண் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய தொகுதியின் எண்) இருக்கும், அது எல்லாப் பந்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே நின்று பாருங்கள். கடை வெளிச்சத்தில் ஒரே நீலமாகத் தெரிந்தது, போர்வையின் நடுவில் கோடு போட்ட மாதிரி தனியாகத் தெரியும்.

ஈரோட்டிலிருந்து: 147 செயின் போடுவதற்குள் எண்ணிக்கை தவறிவிடுகிறது, அடி வேறு வில் மாதிரி வளைகிறது.

ஒவ்வொரு 20 செயினுக்கும் ஒரு ஊக்கு குத்துங்கள். கூடவே பத்து செயின் அதிகமாகப் போட்டு வையுங்கள், மிஞ்சியதை ஆரம்ப முடிச்சுப் பக்கமிருந்து அவிழ்த்துவிடலாம். செயினுக்கு மட்டும் 5 மி.மீ. ஊசி எடுத்தால் அடி வளையாது.

தஞ்சாவூரிலிருந்து: என் போர்வை ஒரு பக்கம் மட்டும் சாய்கிறதே?

திருச்சிக்காரருக்குச் சொன்ன அதே பதில். உங்களுக்கு ஒரு ஓரத்தில் மட்டும் விட்டுப்போகிறது. எண்ணுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து: மன்னிக்கவும், நீங்கள் சொல்வது டபுள் குரோஷே இல்லை. அது ட்ரெபிள். கான்வென்டில் சிஸ்டர் எனக்கு 1974-ல் சொல்லிக் கொடுத்தது. இப்போது எல்லோரும் தவறாகச் சொல்கிறீர்கள்.

அம்மா, உங்கள் சிஸ்டர் சொன்னதும் சரிதான். அது பிரிட்டிஷ் பெயர், நான் எழுதுவது அமெரிக்கப் பெயர். ஒரே ஸ்டிச், இரண்டு பெயர். ஊசியில் எத்தனை கண்ணி நிற்கிறது என்று எண்ணினால் பிரிட்டிஷ் பெயர் பொருந்தும்: குத்தி நூலை எடுத்ததும் 2 கண்ணி நின்றால் டபுள், 3 நின்றால் ட்ரெபிள். முடிக்க எத்தனை தடவை இழுக்கிறோம் என்று எண்ணினால் அமெரிக்கப் பெயர் பொருந்தும்: ஒரு இழுப்பு சிங்கிள், இரண்டு இழுப்பு டபுள்.

சென்னையிலிருந்து: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். வீடியோ எல்லாம் அமெரிக்கப் பெயரில்தான் இருக்கிறது. பழைய பெயரை விட்டுவிட்டால் குழப்பமே இருக்காதே?

விட முடியாது. குரோஷா நம் பக்கம் பரவியதில் மிஷனரிப் பள்ளிகளுக்கு பெரிய பங்கு உண்டு. ஆந்திராவில் நர்சாபூரைச் சுற்றி இன்றைக்கும் பெண்கள் போடும் குரோஷா லேஸ் 19-ம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாக வந்ததுதான். நம் அம்மாக்கள், பாட்டிகள் கற்றது பெரும்பாலும் பிரிட்டிஷ் பெயரில். அவர்கள் எழுதி வைத்த நோட்டுகள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. அந்தப் பெயர் தெரியாவிட்டால் அந்த நோட்டு நமக்குப் பயன்படாது.

பாளையங்கோட்டை அம்மா மறுபடியும்: அதைத்தான் நானும் சொல்கிறேன். என் மகள் என் நோட்டைப் பார்த்துப் போட்டு, எல்லாம் கட்டையாக வந்தது என்று பாதியில் வைத்துவிட்டாள்.

உங்கள் மகள் நோட்டில் இருப்பதை அமெரிக்கப் பெயர் என்று நினைத்துப் போட்டிருந்தால் நெட்டையாகத்தானே வந்திருக்கும்? கட்டையாக வந்தது என்றால் ஊசியின் அளவைப் பாருங்கள். பழைய நோட்டில் ஊசிக்கு எண் மட்டும் இருக்கும். பழைய பிரிட்டிஷ் எண்ணில் எண் கூடக் கூட ஊசி மெலியும், 8 என்றால் 4 மி.மீ. அவர் எண்ணைத் தவறாகப் புரிந்துகொண்டு மெலிந்த ஊசி எடுத்திருந்தால் கட்டையாகத்தான் வரும்.

மதுரையிலிருந்து: தமிழிலேயே பெயர் வைத்துவிடலாமே? குட்டை, அரை, நெட்டை, மகா நெட்டை?

எனக்கு இது உண்மையாகவே பிடித்திருக்கிறது, என்னிடம் கற்க வரும் குழந்தைகளுக்கு நான் "சுற்றில்லாதது, ஒரு சுற்று, இரண்டு சுற்று" என்றுதான் சொல்கிறேன். குத்தும் முன் ஊசியில் நூலை எத்தனை சுற்று சுற்றுகிறோம் என்பது எந்த நாட்டிலும் மாறாது. ஹாஃப் மட்டும் தனி, ஒரு சுற்று சுற்றி மூன்று கண்ணியையும் ஒரே இழுப்பில் முடிப்பது. ஆனால் பேட்டர்ன் படிக்க ஆங்கிலப் பெயர் தெரிந்தே ஆக வேண்டும், எனவே ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்: எங்கேயாவது சிங்கிள் குரோஷே என்ற சொல் வந்தால் அது அமெரிக்கப் பேட்டர்ன். ஹாஃப் ட்ரெபிள் என்று வந்தால் பிரிட்டிஷ். இதோடு பெயர்ச் சண்டையை முடித்துக்கொள்வோம், இன்னும் 11 பேர் இதைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள், எல்லோருக்கும் பதில் இதுதான்.

சென்னையிலிருந்து இன்னொருவர்: இந்த வெயிலில் போர்வை எதற்கு?

ஏசி அறைக்குக் காட்டனில் போடுங்கள், எடை கூடும், ஆனால் உடம்பில் ஒட்டாது. சென்னையிலேயே 2016 ஜனவரியில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வை சேர்த்து கின்னஸ் சாதனை செய்தார்கள், வெயில் யாரையும் தடுக்கவில்லை. ஆனால் ஒன்று, சதுரம் சதுரமாகப் போட்டால் கைப்பையில் எடுத்துப் போகலாம், அலைப் போர்வை முழுவதும் மடியிலேயே வளரும். மே மாதத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

திண்டுக்கல்லிலிருந்து: பிறந்த குழந்தைக்குப் பரிசு. எந்த நூல்?

நூலைவிட முக்கியமானது வேறு இருக்கிறது. ஒரு வயது ஆகும்வரை தூங்கும் குழந்தையின் மேலோ பக்கத்திலோ தளர்வான போர்வை எதுவும் இருக்கக் கூடாது, மூக்கை மூடிவிடும். தரையில் விரிக்க, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மடியில் போர்த்த, அவ்வளவுதான். இதைப் பரிசோடு சேர்த்துச் சொல்லியே கொடுங்கள். ஓட்டை வரும் அலை வேண்டாம், குட்டி விரல் மாட்டும். அக்ரிலிக்கை நெருப்புக்கு அருகில் வைக்காதீர்கள், உருகி தோலில் ஒட்டும், அதனால் விளக்கும் ஊதுபத்தியும் தள்ளியே இருக்கட்டும். இஸ்திரி போட்டால் தொய்ந்துபோகும், பிறகு பழைய நிலைக்கு வரவே வராது.

கரூரிலிருந்து: இரண்டு ஊசியில் ஸ்வெட்டர் போடுவது எப்படி?

அது நிட்டிங். எனக்குத் தெரியாது, தெரிந்தவரிடம் கேளுங்கள்.

வேலூரிலிருந்து: மேல் ஓரம் அலையாகவே நிற்கிறது, நேராக்க முடியுமா?

கடைசி வரிசையில் மேட்டில் சிங்கிள், சரிவில் ஹாஃப் டபுளும் டபுளும், பள்ளத்தில் ட்ரெபிள். நேராகிவிடும்.

விழுப்புரத்திலிருந்து: 144-ல் ஆரம்பித்தேன், இப்போது 139. ஏன் குறைகிறது?

மேலே இரண்டு தடவை எழுதிவிட்டேன், தயவுசெய்து படியுங்கள். 144 கடைசியாக எந்த வரிசையில் வந்ததோ அதுவரை பிரியுங்கள். நடுவில் ஒட்டுப்போட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், மேடும் பள்ளமும் நகர்ந்துவிடும்.

பெயரும் ஊரும் வேண்டாம் என்று ஒருவர்: அம்மா பாதியில் விட்டுப்போன அலைப் போர்வை பீரோவில் இருந்தது. நோட்டில் "டிஆர்", "டிசி" என்று இருக்கிறது, "எஸ்சி" எங்கேயும் இல்லை. நானே முடிக்க ஆசை. எனக்கு அடிப்படை மட்டும்தான் தெரியும்.

முடிக்கலாம். "டிஆர்" ட்ரெபிள், "டிசி" டபுள், "எஸ்சி" சிங்கிள் என்பதன் சுருக்கம். "எஸ்சி" எங்கேயும் இல்லை என்றால் அது பெரும்பாலும் பிரிட்டிஷ்தான், அப்படியானால் "டிஆர்" என்பது நான் இங்கே டபுள் என்று எழுதியது. ஆனால் நோட்டை நம்புவதற்கு முன் போர்வையைப் படியுங்கள், அம்மா போகிற போக்கில் மாற்றியிருப்பார். ஒரு மேட்டின் உச்சியிலிருந்து அடுத்த உச்சிவரை எண்ணினால் அவர் கணக்கு தெரியும். நல்ல பகல் வெளிச்சத்தில், மேசையில் விரித்து, மூன்று வரிசையில் எண்ணிப் பாருங்கள்.

உங்கள் கையும் அவர் கையும் ஒன்றாக இருக்காது. வேறு நூலில் ஒரு சின்னத் துண்டு போட்டு அலையின் அகலத்தை ஒப்பிடுங்கள், உங்களுடையது குறுகலாக வந்தால் அரை மி.மீ. பெரிய ஊசி, அகலமாக வந்தால் சின்னது. அதே நிற நூல் கிடைக்காது, கிட்டத்தட்ட அதே மாதிரி என்று ஒன்றைத் தேடாதீர்கள், தவறு போலத் தெரியும். முற்றிலும் வேறான நிறத்தில் ஆரம்பியுங்கள், அவர் விட்ட இடமும் நீங்கள் எடுத்த இடமும் தெரியட்டும். மேலே விழுப்புரத்துக்குப் பிரிக்கச் சொன்னேன், ஆனால் அம்மா போட்டதில் எண்ணிக்கை தவறு இருந்தாலும் பிரிக்க வேண்டாம், அடுத்த வரிசையில் ஒரு ஸ்டிச் கூட்டியோ குறைத்தோ சரிசெய்துகொள்ளலாம்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். கடைசி வரிசையின் முடிவில் ஒரு கண்ணி திறந்தே நிற்கும், நூலைப் பிடித்து இழுத்தால் எல்லாம் அவிழ்ந்துவிடும். அந்தக் கண்ணியில் ஒரு ஊக்கைக் கோத்துப் பூட்டி வையுங்கள்.